இரைச்சலுக்கு அடியில்

ஸ்ரீவித்யா சத்தியத்தை மீறினாள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஜூட்டோடு போனில் பேச மாட்டேன், வாட்ஸ்அப்பில் எழுத மாட்டேன், நேரில் பார்க்க மாட்டேன், யாரையும் தூது அனுப்ப மாட்டேன் என்று கோயிலில் தாயார் சன்னிதியில் வைத்து அம்மா ஜெகதாம்பாளின் கையில் அடித்துச் சொன்னாள். மேலச்சிந்தாமணியில் இருக்கும் ஒரு கிறிஸ்தவப் பையனைப் பெண் விரும்புகிறாள் என்று தெரிந்த வாரத்திலேயே அப்பா சேதுராமன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த நிலைமையில் அம்மா என்ன கேட்டிருந்தாலும் அவள் சத்தியம் செய்து கொடுத்திருப்பாள். ஆனால் ரேடியோவைப் பற்றி அம்மா கேட்கவில்லை. இந்தக் காலத்தில் எந்தத் தாய்தான் பெண்ணிடம் ரேடியோவுக்குச் சத்தியம் வாங்குகிறாள்?

ஜூட்டும் அவளும் இன்ஜினீயரிங் படித்தபோது ஒரே லேப் மேஜை. கடைசி வருஷம் இருவரும் சேர்ந்து ப்ராஜெக்டாக எடுத்துக்கொண்டது ஸ்பிரெட் ஸ்பெக்ட்ரம் என்கிற சங்கதி. சாதாரண ரேடியோ ஒரே அலைவரிசையில் நின்றுகொண்டு உரக்கக் கத்தும். யார் வேண்டுமானாலும் அங்கே காதை வைத்துக் கேட்டுவிடலாம். இது அப்படியில்லை. வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துக்குள் புகுந்து, ஒரு வாக்கியத்தைப் பொடிப்பொடியாக நறுக்கி, ஆயிரம் பேர் காதில் ஆளுக்கொரு துணுக்காக முணுமுணுத்துவிட்டு வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக் கூட்டத்தின் இரைச்சல்தான் கேட்கும். எந்த ஆளிடம், எந்த வரிசையில் போய்க் கேட்க வேண்டும் என்று தெரிந்தவர் மட்டும் துணுக்குகளைக் கோத்து வாக்கியத்தை எடுத்துவிடுவார். அந்தச் சங்கேத வரிசை இரண்டு பேரிடம்தான் இருக்கும். மூன்றாவது ஆள் எத்தனை பெரிய கருவியை வைத்துக்கொண்டு தேடினாலும், வானத்தில் எப்போதும் இருக்கிற இரைச்சல்தான் அகப்படும். சிக்னல் அந்த இரைச்சலுக்கு அடியில் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும்.

இதற்காக இருவரும் டிபன் பாக்ஸ் அளவில் ஆளுக்கொரு பெட்டி செய்திருந்தார்கள். ஒரு சின்னத் திரை, குட்டி கீபோர்டு, ஒரு பச்சை விளக்கு. எதிர்ப் பெட்டி ஓடிக்கொண்டிருந்து, இரண்டின் சங்கேதமும் பொருந்திவிட்டால் விளக்கு எரியும். அவ்வளவுதான். ப்ராஜெக்டுக்கு நல்ல மார்க் வந்தது, பெட்டிகள் பரணுக்குப் போயின.

சத்தியம் செய்துவிட்டு வந்து, அழுது ஓய்ந்த ஒரு சாயங்காலம், ஸ்ரீவித்யா தன் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி ஸ்விட்சைப் போட்டாள். பச்சை விளக்கு உடனே எரிந்தது. காவேரிக்கு அந்தப் பக்கம், மூன்றாம் மாடியில், அவன் ஏற்கெனவே போட்டு வைத்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்தான். திரையில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் வந்தது. 'சாப்பிட்டியா?'

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் அதே கேள்வியில்தான் ஆரம்பிக்கும். மாடி அறையில் அவளுடைய புத்தக அலமாரிக்குப் பின்னால் பெட்டி உட்கார்ந்திருந்தது. ஆன்டெனா, மொட்டை மாடியில் துணி காயப்போடும் கொடிக்கம்பியோடு கம்பியாக ஓடியது. அம்மா ஒன்பது கஜத்தைப் பிழிந்து ஈரமாக விரித்துவிட்டால் விளக்கு மினுக்மினுக்கென்று தடுமாறும். 'உங்கம்மா புடவைதான் நமக்கு நடுவுல நிக்குது' என்று ஜூட் எழுதுவான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

அண்ணன் ஜெய்சங்கர் பெங்களூரில் நெட்வொர்க் பாதுகாப்பு வேலையில் இருந்தான். ஊருக்கு வரும்போதெல்லாம் தங்கையின் போனை ஒரு புரட்டுப் புரட்டுவான், வைஃபையைக் குடைவான். ஒருமுறை லேப்டாப்பில் ஏதோ ஒரு குச்சியைச் செருகி, அவள் அறையிலேயே உட்கார்ந்து ஜம்பம் அடித்தான்.

"பாருடி, நம்மாத்தச் சுத்தி எத்தனை சிக்னல் ஓடிண்டிருக்கு பாரு. இது எஃப்.எம்., இது மொபைல் டவர், இது அடுத்தாத்து வைஃபை."

"இது என்னண்ணா, தட்டையா இருக்கே?"

"அதுவா? அங்க ஒண்ணும் இல்ல. வெறும் இரைச்சல்."

"அப்படியா?" என்றாள், அப்பாவி மாதிரி. அந்த ஒன்றுமில்லாத இடத்தில், அவன் முதுகுக்குப் பின்னாலேயே, ஜூட் அவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தான். ஸ்ரீவித்யாவுக்கு வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக வேறு எப்போதும் இருந்ததில்லை. பாவம், அந்தப் பெருமைதான் பின்னால் அவளைப் போட்டு வதைத்தது.

அண்ணன் அந்த முறை அலமாரியில் சாய்ந்தபோது அது பின்னால் நகர்ந்து கீபோர்டில் இடித்து, என்னவோ உளறல் ஜூட்டுக்குப் போய்விட்டது. அவள் பதறிப்போய் அன்றைக்கே புரோகிராமை மாற்றினாள். இனி எழுதியது போக வேண்டுமென்றால், கீபோர்டின் இரண்டு மூலைக் கட்டைகளையும் சேர்த்து அழுத்த வேண்டும். ஜூட்டையும் அப்படியே மாற்றிக்கொள்ளச் சொன்னாள். தெரியாத கை எதுவும் அந்தப் பெட்டியிலிருந்து ஒரு வார்த்தை அனுப்ப முடியாது.

ஜூட் துவாக்குடிப் பக்கம் ஒரு சின்ன பேக்டரியில் வேலை பார்த்தான். வேலை முடிந்து வந்ததும் பெட்டியைப் போடுவான், தூங்கப் போகும்போது அணைப்பான். விளக்கு எரிந்தால் எதிர்ப் பெட்டி ஓடுகிறது என்றுதான் அர்த்தம். பக்கத்தில் ஆள் இருக்கிறான் என்று அர்த்தமில்லை. ஸ்ரீவித்யாவுக்கு இது தெரியாதா? புதுக்கோட்டை ரோட்டில் ஒரு காலேஜில் பிள்ளைகளுக்கு அவள் நடத்துகிற பாடமே இதுதான். இருந்தாலும் மனசு பாடம் படித்தா நடக்கிறது? விளக்கு எரிந்தால் ஜூட் வந்துவிட்டான், அணைந்தால் தூங்கிவிட்டான். அப்படியே பழகிவிட்டது.

சித்திரை மாதம் அவர்களுக்குள் சண்டை வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் எங்கம்மாகிட்ட சொல்லப் போறேன், நீயும் உங்க வீட்ல சொல்லு என்று ஜூட் எழுதினான். அப்பாவுக்கு இன்னும் உடம்பு தேறவில்லை, அண்ணா கல்யாணம் முடியட்டும் என்று அவள் எழுதினாள்.

'இப்படியே எத்தனை நாளைக்கு இரைச்சலுக்கு அடியிலேயே குடித்தனம் பண்றது?' என்று அவன் கேட்டான்.

'அவ்வளவு அவசரம்னா வேற யாரையாவது பாத்துக்கோ' என்று எழுதி, இரண்டு கட்டைகளையும் சேர்த்து அழுத்தி அனுப்பிவிட்டு, பெட்டியை அணைத்துவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் பெட்டியைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் விளக்கு எரிந்தது. அவளாக எழுதியிருக்கலாம். எழுதவில்லை. கொஞ்சம் தவிக்கட்டும் என்று வைராக்கியமாக உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்தினாள். அவனும் எழுதவில்லை. ஆனால் அன்றைக்கு விளக்கு அணையவே இல்லை. விடிந்து பார்த்தாலும் எரிந்தது. காலேஜ் போய்விட்டு வந்து பார்த்தாலும் எரிந்தது.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ராத்திரி பகலாகப் பெட்டியைப் போட்டு வைத்துவிட்டு, வாயை மட்டும் திறக்க மாட்டேன் என்கிறானே, எவ்வளவு வீம்பு என்று நினைத்தாள். கோபம் இருந்தால் அணைத்துவிட்டுப் போயிருப்பான். அணைக்க மனசு வரவில்லை, பேசவும் ரோஷம் விடவில்லை. இப்படி அவளே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு வரி எழுதினாள்.

'சாப்பிட்டியா?'

'லைட்டைப் போட்டு வச்சா போதுமா? வாய் இல்லையா?'

'சரி, உனக்கு மட்டும்தான் ரோஷமா? நானும் பேச மாட்டேன், போ.'

இப்படி எழுதிவிட்டு மறுநாளே, 'சாப்பிட்டியான்னு மட்டும் சொல்லு' என்று எழுதுவாள்.

நடுவில் ஒருநாள் காலையில் விளக்கு அணைந்தது. அன்று முழுக்க வகுப்பில் என்ன பேசினாள் என்று அவளுக்கே தெரியாது. சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓடினாள். விளக்கு பளிச்சென்று எரிந்தது. வேலைக்குப் போகும்போது அணைத்துவிட்டு, வந்ததும் போட்டிருக்கிறான். பழைய வழக்கம் திரும்பிவிட்டது, கோபம் ஆறிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் அவளுடைய ரோஷமெல்லாம் கரைந்து, உட்கார்ந்து எழுதினாள்.

'நீ சொன்னதுதான் சரி. நானே எங்கப்பாகிட்ட சொல்லிடறேன். சத்தியமா சொல்லிடறேன். ஒரே ஒரு வார்த்தை பேசுடா.'

பதில் வரவில்லை. நேரில் போய்ப் பார்த்துவிடலாமா என்று எத்தனையோ தடவை நினைத்தாள். சத்தியம் காலைக் கட்டியது. தவிர, விளக்குத்தான் எரிகிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

அந்த வாரக் கடைசியில், காலேஜுக்குப் போகிற பஸ் சத்திரம் பேருந்து நிலையத்துக்குள் திரும்பும்போது, ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தவள் எதிர்ச் சுவரைப் பார்த்தாள். ஒரு அரசியல் கூட்டத்து விளம்பரத்துக்கும் ஒரு நகைக்கடை விளம்பரத்துக்கும் நடுவில் புதிதாக ஒட்டிய போஸ்டர். பசை இன்னும் காயவில்லை. 'கண்ணீர் அஞ்சலி' என்று மேலே கொட்டை எழுத்து. கீழே ஜூட் சிரித்துக்கொண்டிருந்தான்.

முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலி, வரும் சனிக்கிழமை மாலை என்று போட்டிருந்தது. பெற்றோர் பெயர் அடைக்கலராஜ், செல்வமேரி. படம் காலேஜ் நாளில் எடுத்தது. பக்கத்தில் நின்றவர்களை வெட்டிவிட்டு அவனை மட்டும் எடுத்திருந்தார்கள். ஆனாலும் தோளோரத்தில் ஒரு மஞ்சள் துப்பட்டாவின் நுனி கத்தரிக்குத் தப்பியிருந்தது. அது அவளுடைய துப்பட்டா.

அவள் கத்தவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கக்கூட இல்லை. பஸ் கிளம்பிற்று, காலேஜ் வந்தது, கரும்பலகை முன்னால் நின்று பாடம் நடத்தினாள். மனுஷ உடம்பு எவ்வளவு பொல்லாதது பாருங்கள், உள்ளே எல்லாம் இடிந்து விழுந்த பிறகும் அது பாட்டுக்குச் சாக்பீஸைப் பிடித்து எழுதுகிறது.

சாயங்காலம் வீடு திரும்பி மாடிக்குப் போனாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவளுக்கு அந்த நிமிஷத்தில் பைத்தியம் பிடிக்காதது பெரிய விஷயம். போஸ்டர் பொய்யாக இருக்கலாம். அதே முகத்தோடு வேறொருவன் இருக்கலாம். பெட்டி பொய் சொல்லாது, அந்தச் சங்கேதம் உலகத்தில் இன்னொரு ஆளிடம் கிடையாது, அது பொருந்தினால்தான் விளக்கு எரியும். 'இருக்கியா?' என்று எழுதி அனுப்பினாள். திரையையே பார்த்துக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தாள். எதிர்ப் பெட்டி ஓடுகிறது என்றுதான் அர்த்தம், பக்கத்தில் ஆள் இருக்கிறான் என்று அர்த்தமில்லை. தான் நடத்துகிற பாடம் அப்போதுதான் அவளுக்கே புரிந்தது.

கீழே இறங்கிக் குளியலறைக்குள் போனாள். சாவுச் செய்தி காதில் விழுந்தால் அந்த வீட்டில் தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொள்வார்கள். பங்காளியா, உறவா, எத்தனை நாள் தீட்டு என்றெல்லாம் அப்பா நிமிஷத்தில் கணக்குச் சொல்லிவிடுவார். ஜூட்டுக்கு எந்தக் கணக்கில் இடம்? அவள் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்கு அடியில் அழுதாள். வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதாள். அவன் செத்து இத்தனை நாளாக, ரோஷக்காரன் என்று அவனைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஏண்டி, விளக்கேத்தற நேரத்துல தலைக்கு ஜலம் விட்டுண்டிருக்கே?" என்று அம்மா கதவைத் தட்டினாள்.

"வெக்கை தாங்கலம்மா."

"சளி பிடிச்சுக்கும். சீக்கிரம் தலைய துவட்டிண்டு சாப்பிட வா. அப்பா காத்துண்டிருக்கார்."

சனிக்கிழமை, லைப்ரரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். நேரில் பார்க்க மாட்டேன் என்ற சத்தியம் இனிமேல் தானாகவே காப்பாற்றப்பட்டுவிடும். அதை நினைத்தபோது பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்களைப் பற்றிக் கவலைப்படாமல் கண்ணீர் விட்டாள். தான் பெட்டியை அணைக்காமல் வந்திருப்பது பாதி வழியில் ஞாபகம் வந்தது.

சர்ச்சில் பூசையின்போது கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எப்போது எழ வேண்டும், எப்போது முழங்காலிட வேண்டும் என்று தெரியவில்லை. முன்னால் இருந்தவர்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். சாமியார் ஜூட்டின் பெயரைச் சொன்னபோது, அந்தப் பெயரை ஒரு மனிதக் குரல் உரக்கச் சொல்லிக் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது என்று தோன்றியது.

வந்தவர்களையெல்லாம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார்கள். கூட்டத்தோடு கூட்டமாக அவளும் மேலச்சிந்தாமணிக்குப் போய் மூன்று மாடி ஏறினாள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அடைக்கலராஜ், யாரென்று பார்க்காமலே எல்லோருக்கும் சொல்வது போல "வாங்கம்மா" என்றார். உள்ளே செல்வமேரி இலை போட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட டீச்சர். புதிதாக வந்த முகத்தைப் பார்த்துக் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

"நீ ஜூட்டுகூடப் படிச்சியாம்மா?"

"ஆமா ஆன்ட்டி."

"எலக்ட்ரானிக்ஸா? அப்ப கொஞ்சம் உள்ள வா. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

கையைப் பிடித்து அவன் அறைக்கு அழைத்துப் போனாள். கட்டில் விரிப்பு கலையாமல் இருந்தது. மேஜையில் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. பச்சை விளக்கு எரிந்தது.

"அன்னைக்கு வேலை முடிஞ்சு வந்து இதைப் போட்டான். உக்காரக்கூட இல்லை, போன் வந்துடுச்சு. ஃப்ரெண்டோட வண்டி மணப்பாறைக்கு இந்தப் பக்கம் நின்னு போச்சாம். 'இதை அணைச்சிடாதீங்கம்மா, வந்து பேசணும். போயிட்டு வரேன்'னு சொல்லிட்டுத்தான் போனான். லாரிக்காரன் அடிச்சிட்டான்." செல்வமேரி பெட்டியின் மேலிருந்த தூசியைக் கையால் துடைத்தாள். "அவன் சொன்னானேன்னு இதை அணைக்கலை. ஒருநாள் முழுக்கக் கரண்ட் இல்லை. வந்ததும் நானே மறுபடி ஸ்விட்ச் போட்டேன்."

ஸ்ரீவித்யா சந்தோஷப்பட்ட ஒரே ஒரு சாயங்காலமும் அதோடு போயிற்று.

"சாயந்தரமானா இதுல எழுத்து வரும்மா. யாரோ ஒரு பொண்ணு. சாப்பிட்டியான்னு கேக்கும். அப்புறம் கோவிச்சுக்கும். மறுநாளே சாப்பிட்டியான்னு மறுபடி கேக்கும். நான் இங்கயே உக்காந்து படிச்சிட்டு இருப்பேன். அவன் கூட்டாளிங்க எல்லாரையும் கேட்டுட்டேன், போன்ல தேடிப் பாக்கச் சொன்னேன். ஒருத்தருக்கும் தெரியலை. 'ஞாயித்துக்கிழமை உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்மா'ன்னு அவன் சொல்லியிருந்தான். இந்தப் பொண்ணைப் பத்தித்தான் இருக்கணும். அந்தப் பொண்ணு வேற வீட்ல சொல்லிடறேன்னு எழுதியிருக்கு. பாவம், சொல்லித் திட்டு வாங்கிட்டு இவனுக்காக உக்காந்திருக்குமோ என்னமோ. இவன் போயிட்டான்னு அதுக்கு யாரு சொல்றது?"

செல்வமேரி திரையைக் காட்டினாள்.

"நானே தட்டி வச்சிருக்கேன். ஆனா எதை அமுக்கினாலும் போகமாட்டேங்குது. நீ இதெல்லாம் படிச்சவதானே? அனுப்பி விடும்மா."

திரையின் அடியில், அனுப்பப்படாமல் ஒரு வரி நின்றுகொண்டிருந்தது. 'ஜூட் இல்லம்மா. நீ யாரு? வீட்டுக்கு வா.'

தெரியாத கை ஒரு வார்த்தைகூட அனுப்பிவிடக் கூடாது என்று பூட்டுப் போட்டது அவள்தான். அவள் விரல்கள் இரண்டு மூலைக் கட்டைகளையும் தேடிப் போய் அழுத்தின. வரி மறைந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், யாரும் இல்லாத மாடி அறையில், அலமாரிக்குப் பின்னால் அது போய்ச் சேர்ந்திருக்கும்.

"போயிடுச்சாம்மா?"

"போயிடுச்சு."

"அந்தப் பொண்ணுக்குக் கிடைச்சிருக்குமா?"

ஸ்ரீவித்யா திரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தாள்.

"கிடைச்சிடுச்சும்மா," என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, துண்டு எதையும் வாயில் அடைக்காமல், ஓவென்று அழுதாள். வெளியே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து அறை வாசலில் நின்றார்கள். அடைக்கலராஜும் வந்து நின்றார்.

செல்வமேரி அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாகப் பக்கத்தில் உட்கார்ந்து, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"தினமும் நீதான கேட்ட," என்றாள். "இப்ப நான் கேக்கறேன். சாப்பிட்டியா?"

ஸ்ரீவித்யா இல்லையென்று தலையாட்டினாள்.